உன் பேருக்கு விட்ட இடம்

மகேசு,

ஆடிப்பெருக்கு கழிந்துவிட்டது. அடுத்த வருஷத்துக் காலண்டருக்கான பட ஆல்பம் வந்து பட்டறையில் கிடக்கிறது. அச்சாபீஸ் அண்ணாச்சி நேற்று ஆளனுப்பிக் கேட்டார், மகள் பேர் போட்ட காலண்டர் இந்த வருஷமும் உண்டா இல்லையா என்று. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. போனில் கேட்கலாம் என்றால், பொங்கலுக்குப் பிறகு நம் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "அங்கன மழை உண்டா", "இல்லம்மா" என்பதோடு நின்றுபோகிறது. அதனால் எழுதுகிறேன். இதைக் கவரில் போட்டு ஒட்டவில்லை. நாலு பேர் படிக்கட்டும். உன்னைப் போலப் பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு எங்கே உட்காருவது என்று யோசித்து நிற்கிற பிள்ளைகள் படிக்கட்டும். அவர்களுக்காக வீட்டு முன்னறைக்கு டைல்ஸ் பதித்துவிட்டுக் காத்திருக்கிற என்னைப் போன்றவர்களும் படிக்கட்டும். பிள்ளை மனம் நோகாமல் எழுது என்று உன் அப்பா சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மனமும் நொந்துதான் கிடக்கிறது. ஆனால் உன் படிப்புக்கு ஆன காசைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது. அது என் வாயிலிருந்து என்றைக்கும் வராது.

நீ பல் படிப்பில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் பேசியது உனக்குப் பாதிதான் தெரியும். விருதுநகரிலிருந்து உன் பெரியம்மா வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஏட்டி, பல்லுக்கு மட்டுந்தானா? உடம்பு முழுக்கப் பாக்குற படிப்பு கெடைக்கலையோ?" என்று கேட்டாள். நான் தேதிக் கட்டுகளை அட்டையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "உன் வீட்டுக்காரர் வாயத் தொறந்தா தெருவே ஓடுதுக்கா. எம்மவ மொதல்ல அந்த வாயப் பாக்கட்டும். மத்த உடம்ப வேற யாராச்சும் பாத்துக்கிடட்டும்" என்றேன். பட்டறையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். உன் பெரியம்மா காபி குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருஷம் கடைவாய்ப் பல் வலி வந்தபோது அவளேதான் முதலில் போன் போட்டு, "மகேசு என்னைக்கு ஊருக்கு வருவா?" என்று கேட்டாள். நான் உடனே சொல்லவில்லை. கொஞ்சம் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தப்பென்று நினைக்கவில்லை.

இரண்டாவது வருஷமோ மூன்றாவதோ, நீ விடுதியிலிருந்து வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று பட்டறை போனுக்குக் கூப்பிட்டு அழுதாயே, அது ஞாபகம் இருக்கிறதா? பொம்மைத் தலை ஒன்றில் பற்களைப் பதித்துக் கொடுத்து, வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடியில் தெரிகிற பல்லைப் பார்த்தபடியே குடையச் சொன்னார்களாம். "வலப்பக்கம் கொண்டு போனா எடப்பக்கம் போகுதும்மா. முன்னால நகட்டினா பின்னால போகுது. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரல. நான் வந்துடுறேன்" என்றாய். நான் சிரித்தேன். நான் சிரித்ததற்கு நீ இன்னும் அதிகமாக அழுதாய். பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றாய். "நிக்கட்டும். நான் சொல்றதக் கேளு" என்று சொல்லி, உனக்கு அதுவரை சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதை இங்கே மறுபடியும் எழுதுகிறேன். நீ மறந்துவிட்டாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். நானும்தான் மறந்துபோனேன், அது பின்னால் வரும்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாள் ரொம்பக் கொஞ்சம். கல்யாணத்துக்கு முன்பு சிவகாசியில் ஓர் அச்சாபீஸில், அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து, எழுத்துப் பெட்டியில் அந்தந்தக் குழியில் திரும்பப் போடுகிற வேலை பார்த்தேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பி இருக்கும். அதைத்தான் நான் எழுத்தென்று கற்றுக்கொண்டேன். வருவதில் பாதி கல்யாணப் பத்திரிகை. எல்லாப் பத்திரிகையிலும் ஒரே வார்த்தைகள்தான், பேர் மட்டும்தான் மாறும். அதனால் யாரும் சொல்லித் தராமலே திரும்பிய எழுத்தில் தடங்கலில்லாமல் படிக்க வந்துவிட்டது. பெருமையோடு ஒருநாள் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். போர்டில் ஊர் பேர் நேராக எழுதியிருந்தது. எனக்குப் படிக்க வரவில்லை. சாத்தூர் போகவேண்டியவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, வழியில் இறங்கி நடந்து வந்தேன். இதை நான் சொன்னதும் அந்த பூத்திலிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கண்ணு ஏமாத்தும் தாயி. கை பழகுற வரைக்கும் விடாத. பழகிருச்சுன்னா அதுவே போகும்" என்றேன். கொஞ்ச நாள் கழித்து நீயே போன் போட்டு, "இப்ப நேராப் பாத்துச் செய்யத்தாம்மா தடுமாறுது" என்றாய். அன்றைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நீ நல்ல டாக்டராக வருவாய் என்று எனக்கு நிச்சயமானது வேறொரு நாளில். விடுமுறைக்கு வந்திருந்த நீ, என் பட்டறைப் பெண்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, வேன் ஓட்டுகிற உன் அப்பாவின் டார்ச்சை வாங்கி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தாய். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனியிலிருந்து என்னிடம் வந்தவர்கள். கம்பெனி வாசலில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகாது. அதனால் ஆண்களும் பெண்களும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிப் பழகியவர்கள். பாக்கியத்தின் முறை வந்தபோது நீ டார்ச்சை அணைக்காமல் ரொம்ப நேரம் பார்த்தாய். "அத்தை, இந்த வெள்ளையா இருக்கிறது எத்தனை நாளா இருக்கு?" என்றாய். "அது கெடக்கு தாயி. வலிக்கவா செய்யுது?" என்றாள். "வலிக்காததுதான் அத்தை பயம்" என்றாய். அடுத்த பஸ்ஸில் நீயே அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். புற்றாக மாறுவதற்குள், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பாக்கியம் இன்றைக்கும் என் பட்டறையில்தான் இருக்கிறாள். புகையிலையை விட்டுவிட்டாள். வாய் சும்மா இருக்க முடியாமல் என்னோடு சண்டை போடுகிறாள். நீ அன்றைக்கு ஒரு பல்லைக்கூடத் தொடவில்லை, பார்த்தாய், அவ்வளவுதான். அதைத்தான் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் அன்றைக்கு நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: என் மகள் உட்காரவேண்டிய இடம் இதுதான், இந்த ஊர்தான், இந்த வாய்களுக்கு முன்னால்தான்.

நீ படிப்பு முடித்து வந்த கோடையில் கேட்டேன். முன்னறையைச் சரிசெய்கிறேன், பட்டறையைப் பின்னால் தள்ளிக்கொள்கிறேன், வாசல் திருத்தங்கல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, பட்டாசுக் கம்பெனி வேன்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும், போர்டு எழுதிவிடலாமா என்றேன். நீ பல் விளக்கிக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றாய். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நமக்குள் இவ்வளவும். என்னைக் கேட்டியா என்று தீபாவளிக்கு நீ கத்தினாய். நான் கேட்டேன், நீ பாக்கலாம் என்று சொன்னாய். நம் தொழிலில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? ஆடியில் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கடைக்காரர் பாக்கலாம் என்று சொன்னால், நாங்கள் தாளை மிஷினில் ஏற்றிவிடுவோம். சரி என்ற முழு வார்த்தைக்குக் காத்திருந்தால் சீசன் போய்விடும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த அரை வார்த்தையை நம்பித்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. டாக்டர்கள் சொல்லும் பாக்கலாம் வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே, ஆர்டர் கொடுத்தேன். மகேஸ்வரி பல் மருத்துவமனை என்று பேர். அதற்குக் கீழே டாக்டர் ஆ. மகேஸ்வரி, பி.டி.எஸ். படம் பார்க்கப் போனபோதுதான் அண்ணாச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம். சாமி படம் வேண்டாம், எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கவேண்டும் என்று ஆல்பத்தைத் தள்ளிக்கொண்டே போய், ஒரு கைக்குழந்தை வாய் நிறையச் சிரிக்கிற படத்தில் கையை வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தங்கச்சி, இது பல் ஆஸ்பத்திரி காலண்டரு. வரிசையாப் பல்லு தெரியச் சிரிக்கிற பொம்பளப் படம் எம்புட்டோ கெடக்கு. பொக்கை வாய்ப் பிள்ளையப் போடச் சொல்றீகளே, நாலு பேரு சிரிக்க மாட்டாகளா?" என்றார். "அந்தப் பொம்பள பல்ல எவரோ ஒருத்தரு பாத்து முடிச்சிட்டாக அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக்கு இனிமேத்தான் மொளைக்கணும். மொளைக்கிறது அம்புட்டும் எம்மவ கையில" என்றேன். அவர் ஆர்டரை எழுதிக்கொண்டார். நான் கிளம்பும்போது மட்டும், "ஆர்டருக்கு வர்றவுகள்ல உங்கள மாதிரி இன்னொருத்தர் வந்தா நான் கடையப் பூட்டிருவேன்" என்றார். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு நீ வந்தாய். காலண்டரைப் பார்த்தாய். பார்த்ததும் உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரியவரிடம் உதவி டாக்டராகச் சேர்ந்துவிட்டதாகவும், இரண்டு மூன்று வருஷமாவது அவரிடம் இருந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தனியாக உட்காருவேன் என்றும் சொன்னாய். "படிப்பு முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன கத்துக்கிடணும்?" என்றேன். "கை இன்னும் பழகலம்மா" என்றாய். பூத்தில் நின்று அழுத பிள்ளைக்கு நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம், இன்னொருத்தர் பேர் போட்ட இடத்தில் என் மகள் கைகட்டி நிற்கப் போகிறாள் என்பது மட்டும்தான். "உன் பேரப் போட்டு அட்டை அட்டையா அடிச்சு வச்சிருக்கேன்டி" என்றேன். "என்னக் கேட்டியா?" என்றாய். உன் அப்பா வெடி வாங்கிவருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். சிவகாசியில் இருந்துகொண்டு தீபாவளியன்றைக்கு வெடி வாங்கப் போன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

நீ போன பிறகு அந்தக் காலண்டர்களை நான் எடைக்குப் போட்டிருக்கலாம். பாக்கியம் அப்படித்தான் சொன்னாள். நான் போடவில்லை. மார்கழியில் எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்தேன். உன் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் ஏற்றி வருகிற வேனில், ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுக்கவைத்தேன். டீக்கடை, சலூன், ரேஷன் கடை, கம்பெனி போர்மேன் வீடு, எதையும் விடவில்லை. பேர் சுவரில் ஏறிவிட்டால் ஆள் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். நீ இதைக் கேட்டுச் சிரிப்பாய், அல்லது பல்லைக் கடிப்பாய். சிரித்தாலும் கடித்தாலும் சரி, தை பிறப்பதற்கு முன்பே உன் பேர் எத்தனையோ வீடுகளில் தொங்கியது. காலையில் எழுந்ததும் உன் பேருக்குக் கீழேதான் அவர்கள் ஒரு நாளைக் கிழித்தார்கள். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை கூலி வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். மற்ற நாளில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். வீங்கிய கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். போர்வெல் தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறி, கையால் வாயைப் பொத்தியே சிரிக்கப் பழகிய கல்யாண வயசுப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். பூட்டிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். "டாக்டரம்மா இல்லீகளா?" என்பார்கள். "ஊருக்குப் போயிருக்காக. அடுத்த வாரம் பாப்போம்" என்பேன். அடுத்த வாரமும் வருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் காலண்டர் பொய் என்று ஆகிவிடும். அந்தப் பெண் இரண்டாவது வாரம் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் போனாள். அவள் அதற்குப் பிறகு வரவில்லை.

பொங்கலுக்கு நீ வந்தபோது நல்ல வேளையாக நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் முதல் நாளே உன் அப்பாவிடம் சொல்லி, வேன் ஆட்களுக்கு மகேசு வந்திருக்கிறாள் என்று தகவல் சொல்ல வைத்தேன். காலையில் ஷட்டரைத் திறந்தால் வாசல் நிறைய ஆட்கள். என்மேல் கோபம் இருந்தாலும் நீ அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, அதே டார்ச்சோடு ஒவ்வொருவராகப் பார்த்தாய். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அப்போதுதான் பட்டாசு மருந்துக் கலவை வேலை பார்க்கிற மாடசாமி அண்ணன் வந்தார். வலியில் கண் சிவந்திருந்தது. ஆடுகிற பல், தொட்டாலே வந்துவிடும்போல இருந்தது. உன் கல்லூரிக் காலத்துப் பல் பிடுங்கும் குறடு உன் பையில் இருந்தது எனக்குத் தெரியும். நீ குறட்டை எடுக்கவில்லை. "என்ன மாத்திரையெல்லாம் சாப்பிடுறீங்க பெரியப்பா?" என்று கேட்டாய். "அது நெஞ்சுக்கு ஒண்ணு தாயி, ரத்தம் கட்டாம இருக்க ஒண்ணு. அதுக்கும் பல்லுக்கும் என்ன?" என்றார். நீ டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாய். இங்கே எடுக்க முடியாது, ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் எடுக்கவேண்டும் என்றாய்.

வாசலில் ஒருவன், "காலண்டருல இருக்கிற பிள்ளைக்கு மட்டுந்தான் வைத்தியம் போல. அதுக்குத்தான் பல்லே இல்லையே, சோலி சுளுவு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமி அண்ணன், "பல்லப் புடுங்கச் சொன்னா மூச்சப் புடுங்குதே இந்தப் பிள்ள" என்று துண்டை உதறினார். நான் உன் காதருகே வந்து, "ஒரு பல்லுதானடி, புடுங்கிவிட்டுரு. எல்லாரும் பாக்காக" என்றேன். நீ மெதுவாகப் பேசவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "மாட்டேம்மா" என்றாய். அவ்வளவுதான். அந்த வார்த்தை என் கன்னத்தில் விழுந்தது. அடுத்த நாள் காலையில் நீ மாடசாமி அண்ணனை உன் அப்பாவின் வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டு, அங்கிருந்து அப்படியே கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். நான் வாசலுக்கு வரவில்லை. பின்னால் பட்டறையில் நின்று தைத்துக்கொண்டிருந்தேன். வந்திருக்கவேண்டும் என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள். என்னால் முடியவில்லை.

உன் அப்பா திரும்பி வந்து, சாவியை ஆணியில் மாட்டினார். அவர் பேசுவது குறைவு என்று உனக்குத் தெரியும். "இந்தப் பிடிவாதம் எந்தக் கடையில வாங்கினதுன்னு யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தட்டில் சோற்றைப் போடாமல் விட்டேன். ஆனால் அவர் சொன்ன கடை எது என்று தேடிப் பார்த்தால், அது நம் பட்டறையாகத்தான் இருந்தது.

அப்போது நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். அட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரு பெரிய ஜவுளிக்கடை ஆர்டர், லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. நான் பழக்கத்தில் ஒரு தேதிக் கட்டை விரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தேன். கை ஓரிடத்தில் தடுக்கியது. வைகாசியில் ஒரு நாளைக் காணோம். இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இல்லை. தாள் சேர்த்த இடத்தில் ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது, அந்த லோடு முழுக்க அந்த நாள் இல்லை. ஏஜெண்டு வந்து, "ஒரு நாளுதான தாயி, எவன் பாக்கப் போறான்? அன்னைக்கு ஒரு நாளு கிழிக்காம இருந்துக்கிடுவான், லாரி நிக்குது, ஏத்துங்க" என்றார். "வைகாசி முகூர்த்த நாளு அண்ணாச்சி. அன்னைக்கு யாரு வீட்டுலயாவது கல்யாணம் இருக்கும்" என்றேன். அவர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், இனி உனக்கு ஆர்டரே கிடையாது என்றார். "மாட்டேன்" என்றேன். லாரி காலியாகத் திரும்பிப் போனது. எல்லாரும் உட்கார்ந்து தைத்ததைப் பிரித்தோம். நீயும் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பிரித்தாய். "எம்மா, ஒரு நாளுக்கா இம்புட்டு?" என்று கேட்டாய். நான் உனக்குப் பதில் சொன்ன ஞாபகம் இல்லை. வேலையில் இருந்திருப்பேன்.

ஒரு நாளுதானே என்று அவர் சொன்னார். ஒரு பல்லுதானே என்று நான் சொல்லியிருக்கிறேன். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது.

பங்குனியில் மாடசாமி அண்ணன் வந்தார். வெம்பக்கோட்டை அணைக்கட்டு மீன் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நெஞ்சு டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பக்குவமாகத்தான் எடுத்தார்களாம். அப்படி எடுத்தும் ரத்தம் நிற்க வெகு நேரம் ஆயிற்றாம். "உங்க முன்னறையில எடுத்திருந்தா மறுநா காலண்டர நான் கிழிச்சிருக்க மாட்டேன், எம்பொண்டாட்டிதான் கிழிச்சிருப்பா" என்று சிரித்தார். பல் போன இடம் தெரிந்தது. "பிள்ளைக்கு மீனக் குடுத்து விடுங்க" என்றார். கோயம்புத்தூருக்கு மீனை எப்படி அனுப்புவது? நாங்களே குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். உனக்குச் சேரவேண்டியதைச் சாப்பிட்டது மட்டும்தான் இந்த வருஷத்தில் நான் வெட்கப்பட்ட விஷயம்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் பெரியவரிடம் கற்றுக்கொள். ஆனால் அவர் எல்லாவற்றையும் சொல்லித் தருவார் என்று காத்திருக்காதே. எழுத்துப் பிரிக்கிற இடத்தில் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். பாக்கியத்தைப் பார்த்ததுபோல, கேட்டு வந்த பல்லோடு நிறுத்தாமல் வாய் முழுவதும் பார். கூட்டம் சிரித்தால் சிரிக்கட்டும், மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல். ஆனால் சொல்லிவிட்டு, மாடசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனதுபோல, அடுத்து எங்கே போகவேண்டும் என்பதற்கு வழியும் காட்டு. உன் கழுத்து குனிந்தே இருக்கிறதாம், வலிக்கிறதாம், உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. நானும் குனிந்தே தைத்தவள்தான். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் தரையில் மல்லாந்து படு. கல்யாண விஷயமாக இரண்டு இடத்திலிருந்து வந்து கேட்டார்கள். ஒரு வீட்டில், பெண் எங்கள் பையன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஓரமாக உட்காரலாம் என்றார்கள். ஓரமாக உட்காருகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று அனுப்பிவிட்டேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். ஆனால் இதற்கு நீ கோபப்படமாட்டாய் என்று நினைக்கிறேன். யாரைக் கட்டிக்கொண்டாலும், நீ மாட்டேன் என்று சொன்னால் அதை ஒரு வார்த்தையாக மதிக்கிற ஆளாக இருக்கட்டும். உன் அப்பா அப்படி இருந்ததால்தான் லாரி திரும்பிப் போன அன்றைக்கும் இந்த வீட்டில் உலை வைத்தோம்.

முன்னறையை ஒரு செல்போன் கடைக்காரர் வாடகைக்குக் கேட்கிறார். கொடுக்கமாட்டேன். நீ வந்து உட்காரவேண்டும் என்பதற்காக இல்லை, கொடுக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது நான் ஊருக்குப் போயிருக்காக என்று சொல்வதில்லை. "மகள் கோயம்புத்தூருல கத்துக்கிட்டு இருக்கா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்கே போங்க" என்று சொல்கிறேன். வாயைப் பொத்திச் சிரிக்கிற அந்தப் பெண்ணின் ஊரை உன் அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து அவளைப் பார்த்துவிட்டுப் போ. பார்த்தால் போதும், ஒன்றும் செய்யவேண்டாம். இதைக் கேட்கிறேன். ஆர்டர் இல்லை.

நாளைக் காலையில் அண்ணாச்சியிடம் போகப் போகிறேன். படத்தை மட்டும் அடித்துவிடுங்கள், பேருக்கான இடத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள் என்று சொல்லுவேன். பேரை எப்படியும் கடைசியில்தான் ஏற்றுவோம், கார்த்திகை வரைக்கும் நேரம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று நீ சொல். கோயம்புத்தூர் என்று சொன்னால் கோயம்புத்தூர். ஊர் வேண்டாம், உன் பேர் மட்டும் போதும் என்றால் அது மட்டும். ஒன்றுமே வேண்டாம் என்றால் வெள்ளையாகவே சுவரில் மாட்டிக்கொள்கிறேன், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பாக்கலாம்மா என்று நீ சொன்னால், இந்தத் தடவை அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். பார்த்துவிட்டுச் சொல், காத்திருக்கிறேன்.

படத்தில் மட்டும் நீ தலையிடாதே. அதே பொக்கை வாய்ப் பிள்ளைதான். அதை மாற்றமாட்டேன்.

உன் அம்மா